நாலு பாட்டில் மூடி

கிழக்கு வெளுக்கும்போதே மூன்றாம் மாடித் தகரக் கூரைக்குக் கீழே கீபோர்டுகள் தடதடத்தன. வெயில் ஏறினால் அங்குள்ள கம்ப்யூட்டர்கள் மனிதர்களுக்கு முன்னால் சுருண்டுவிடும். அதனால்தான் செல்போனுக்கு ஆப் எழுதுகிற அந்த ஐந்து பேருக்கும் இந்த விடியற்காலைப் பிழைப்பு. காற்றுப் போவதற்காக ஒவ்வொரு லேப்டாப்புக்கு அடியிலும் நாலு பாட்டில் மூடியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவள், எழுதி முடித்த நிரலை ஆப்பாகக் கட்டச் சொல்லி லேப்டாப்பின் பொத்தானைத் தட்டினாள். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் நீலக்கோடு திரையில் ஊர்ந்தது. உள்ளங்கைக்குக் கீழே லேப்டாப் கொதித்தது.

"இதுல சட்டை தேய்க்கலாம்க்கா," என்றான் எதிரே இருந்த குண்டன்.

அவள் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. அது கூட வேலை பார்த்த நெட்டையனுடையது. லேப்டாப் பேட்டரி உப்புகிறது என்று அவன் முதலாளியிடம் சொல்லியிருந்தான். "பாக்கலாம்" என்றார். போன வாரம் பேட்டரி வெடித்து வலது கை வெந்துபோனது. "பொருளைப் பாத்துக்கத் தெரியாதவன் எனக்கு எதுக்கு?" என்று அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார், அந்தப் பாவி. நெட்டையன் அலறியது இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை. இந்த ஆளை இதே சூட்டில் உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டிருந்தாள்.

முதலாளி அவளைத் தன் ஏசி அறைக்குக் கூப்பிட்டார். அந்தக் கட்டடத்திலேயே நல்ல கம்ப்யூட்டர் அவர் மேஜையில்தான் இருந்தது. அதில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காரும்மா. உனக்கு மட்டும் புதுசா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ஆப் எழுத எது சரிப்படும்னு நீயே சொல்லு."

"மெமரி இப்ப இருக்கிறதைப் போல நாலு மடங்கு வேணும் சார். பிராசஸர் நல்லதா இருக்கணும். சூடு வெளியேற வழி இருக்கணும். மேல பளபளப்பை மட்டும் பாத்து வாங்கினதாலதான் இந்தக் கதி."

"வாங்கிடுவோம். இன்னைக்கு நம்ம ஆப்புக்கு ஆர்டர் குடுத்தவர் வர்றாரு. வெடிச்சதைப் பத்திக் கேட்டா, நெட்டையன் கீழ போட்டுட்டான்னு சொல்லிடு."

"மத்தவங்களுக்கு?"

"பாட்டில் மூடி வச்சே ஓட்டட்டும்."

அவள் எழுந்தாள். எழுதியதையெல்லாம் ஒரே தட்டில் அழித்துவிட்டால் என்ன? இவன் நடுத்தெருவுக்கு வருவான். ஆனால் நெட்டையன் கண்விழித்து எழுதியதும் அதில்தானே இருக்கிறது. வெளியே வந்து நால்வரிடமும் ஒன்று விடாமல் சொன்னாள். குண்டன் போனை எடுத்து நெட்டையனை வரச் சொன்னான்.

வெயில் தகரத்தில் ஏறியபோது ஆர்டர் கொடுத்தவர் வந்தார். ஒரு சின்ன மாற்றம் கேட்டார். அக்கா அதை எழுதினாள். இனி ஆப்பை மறுபடி கட்ட வேண்டும்.

"சீக்கிரம்," என்றார் முதலாளி.

ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

"என் இடத்துல நீங்க உக்காருங்க சார்," என்றாள் அக்கா. "பொத்தான் ஒண்ணுதான். முடியிற வரைக்கும் கையை எடுக்காதீங்க. எங்க கை எப்பவும் அங்கதான் இருக்கும்."

"வேலையை விட்டே தூக்கிடுவேன்."

"அப்ப எங்க எல்லாரையும் தூக்குங்க," என்றான் குண்டன்.

ஆர்டர் கொடுத்தவர் விழித்தார். "முன்னாடி ஒண்ணு வெடிச்சதாமே?"

"உப்பியிருக்குன்னு நெட்டையன் சொன்னான் சார். இவர்தான் பாக்கலாம்னு விட்டுட்டாரு," என்றாள் அக்கா.

ஆர்டர் கைநழுவுகிற பயத்தில் முதலாளி உட்கார்ந்து பொத்தானைத் தட்டினார். உள்ளங்கை லேப்டாப்பில் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அக்காவுக்கு உள்ளுக்குள் இனித்தது. அதை மறைக்கவும் இல்லை.

நெட்டையன் கட்டுப்போட்ட கையோடு படியேறி வந்து, தன் பழைய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இவனைத் திரும்ப எடுக்கணும். எல்லாருக்கும் சரியான கம்ப்யூட்டர் வரணும். அதுவரைக்கும் ஒருத்தரும் தொட மாட்டோம்," என்றாள் அக்கா.

 லேப்டாப் கொதித்து நீலக்கோடு பாதியில் நின்றது. முதலாளியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழுந்திருக்கப் பார்த்தார், ஆறு பேரும் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள், ஒருவரும் நகரவில்லை.