நரம்புக்கு ஒண்ணும் ஆகல

கல்யாணமான புதிதில், நான் கடலைக்காய் உரிக்கிற வேகத்தைப் பார்த்து கிரண் என்னை 'கொரங்கு' என்றான். அதுவே பெயராக நிலைத்துவிட்டது. "ஏ கொரங்கு, டீ போடுறியா?" என்று அவன் கத்துவது மர்பி டவுனில் எங்கள் சந்து முழுக்கக் கேட்கும். சங்கமித்ரா என்ற பெயர் எனக்கே மறந்துபோயிருந்தது.

தொண்ணூற்றெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடி டம்ளர் கழுவும்போது உடைந்து வலது கட்டைவிரலின் அடியைக் கிழித்துவிட்டது. கிரண் பதறிக்கொண்டு பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். டாக்டர் விரல் நுனியில் ஊசியால் குத்தினார். நான் "ஆ" என்றேன். "நர சரியாகிதே" என்று கன்னடத்தில் சொல்லித் தையல் போட்டார்.

"நரம்புக்கு ஒண்ணும் ஆகல, கொரங்கு!" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான்.

தையல் பிரித்தும் கட்டைவிரல் நுனி மடங்கவில்லை. கட்டுப் போட்டதில் மரத்திருக்கும் என்று நம்பினோம். அவன் தினமும் எண்ணெய் தேய்த்துவிட்டான். பீன்யா தொழிற்பேட்டைக் கம்பெனியில் கரண்ட் மீட்டருக்குப் பொடி ஸ்குரூ மாட்டுவது என் வேலை. ஒவ்வொன்றும் நழுவி விழுந்தது. சூப்பர்வைசர் அல்போன்சா அக்கா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சில மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் முன்கையைத் தொட்டுக் காட்டினார்.

"விரலை மடக்குற தசை இங்க இருக்கு. இங்கேருந்து கயிறு மாதிரி ஒரு நாண் விரலுக்குப் போகுது. அது அறுந்து உள்ள இழுத்துக்கிச்சு. அப்பவே தெச்சிருக்கணும்."

"நரம்பு நல்லா இருக்குன்னாங்களே மேடம்?" என்றான் கிரண்.

"அது உணர்ச்சி நரம்பு. இது வேற."

ரத்தக்குழாய், உணர்ச்சி, நாண் எல்லாமே நமக்கு நரம்புதான். யாரைப் போய்த் திட்டுவது?

வேறொரு நாணை எடுத்து வைத்து ஆபரேஷன் செய்தார்கள். அது சுற்றியிருந்த சதையோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது.

"சிம்பன்சிக்குக் கட்டைவிரலுக்குன்னு இப்படித் தனித் தசை கிடையாதும்மா. மனுஷனுக்கு வந்து சேரவே பல லட்சம் வருஷம் ஆச்சு. போனா திரும்பக் கொண்டுவர்றது கஷ்டம்," என்றார் டாக்டரம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைவிட நல்ல சாக்கு அவனுக்கு எங்கே கிடைக்கும், வீடு போய்ச் சேர்வதற்குள் என்னைக் கொரங்காக்கிவிடுவான் என்று திரும்பிப் பார்த்தேன். கிரண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் கடலைக்காய் வாங்கி வந்து அவனே உரித்தான். பிறகு என் விரல் நுனியை மெல்ல மடக்கினான். அவன் பிடித்திருந்தவரை மடங்கியிருந்தது. விட்டதும் நிமிர்ந்துகொண்டது.

"ஒரே ஒரு தடவ கொரங்குன்னு கூப்புடேன்," என்றேன்.

அவன் உரித்த கடலையை என் இடது கையில் வைத்தான்.

"சாப்புடு, சங்கமித்ரா," என்றான்.