ஆள் சத்தமுள்ள வீடு

வீட்டுத் தரகருக்கு ஊரார் வைத்த பெயர் ரேடியோ. நிறுத்துகிற பொத்தான் மட்டும் இல்லாத ரேடியோ. "காத்தைப் பாருங்க சார், வெளிச்சத்தைப் பாருங்க சார், கண்ணை மூடிக்கிட்டுக் குடி வரலாம்" என்று மூச்சு விடாமல் பேசிக்கொண்டே அவர் கதவைத் திறந்துவிட்டார். காற்றையும் வெளிச்சத்தையும் யார் பார்த்தார்கள்? கணக்கு வாத்தியார் நேராக ஜன்னலுக்குப் போய் எதிரே நின்ற ஆஸ்பத்திரியைத்தான் பார்த்தார். சாலையைத் தாண்டினால் அவசரப் பிரிவு வாசல். அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

அந்த ஆஸ்பத்திரிக்காகத்தான் இந்த ஊருக்கே வந்தது. மனைவிக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்ததும், நல்ல வைத்தியம் இங்கேதான் என்று நாலு பேர் சொன்னதும், பழைய வேலையை விட்டுவிட்டு இந்த நகரத்தின் புறநகரில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தேடிப் பிடித்தார். பள்ளிக்கூடம் ஒரு கோடியில், ஆஸ்பத்திரி மறு கோடியில். அதனாலென்ன, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனால் போயிற்று. வரைபடத்தை விரித்து, ஆஸ்பத்திரியில் காம்பஸ் முள்ளைக் குத்தி, சுற்றி ஒரு வட்டம் போட்டு, வீடு இதற்குள்தான் என்று முடிவு கட்டிவிட்டே வந்திருந்தார். அவர் போட்ட வட்டத்தை அழிக்கக் கடவுளே நேரில் வந்தாலும் நடக்காது.

கடவுளால் நடக்காதது டீச்சரம்மாவால் நடக்கும். அதாவது அவர் மனைவியால். பழைய பள்ளிக்கூடத்தில் அவளும் டீச்சர்தான். பாடம் நடத்துவது போக இன்னொரு வேலையும் அவள் தலையில் இருந்தது: தினமும் காலையில் எந்த வாத்தியார் வரவில்லை என்று பார்த்து, அந்த வகுப்புக்கு வேறு ஆளை அனுப்புவது. "ஆள் இல்லாத வகுப்புன்னு ஒண்ணு என் கண்ணுல படக் கூடாது" என்பாள். அவள் தலை தெரிந்ததும், ஓய்வு நேரம் உள்ளவர்கள் எல்லாம் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வார்கள். புருஷனும்தான் மறைத்துக்கொள்வார். அவள் முதலில் பிடிப்பது அவரைத்தான்.

இப்போது அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போனாள். சமையலறை நடுவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"இது சரிப்பட்டு வராதுங்க."

"ஏன்? என்ன குறை?"

"சத்தமே இல்லையே."

ரேடியோவுக்கே ஒரு நிமிஷம் பேச்சு நின்றுவிட்டது. "மேடம், ஊர்ல அத்தனை பேரும் அமைதியான வீடு வேணும்னு என் உயிரை வாங்குறாங்க. நீங்க என்னடான்னா..."

"பக்கத்து வீட்ல யாருன்னு கேட்டேன், தெரியாதுன்னீங்க. மேல் வீடு பூட்டிக் கிடக்குன்னீங்க. கூப்பிட்டா ஏன்னு கேக்க ஒரு ஆள் வேண்டாமா?"

அடுத்த வீடும் வட்டத்துக்குள்தான். அதிலும் ஒரு நொட்டை கண்டுபிடித்தாள். அலமாரியின் மேல் தட்டு அவருக்கு எட்டுகிறதா என்று கையைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். பக்கத்தில் சமைத்த சாப்பாடு எங்கே கிடைக்கும், கடைக்காரர் நல்லவரா என்று துருவித் துருவிக் கேட்டாள். கடைசியில் உதட்டைப் பிதுக்கினாள். வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. நோயாளியோடு யார் மல்லுக்கு நிற்பது?

அவர் டீ குடிக்க ஒதுங்கிய நேரத்தில் அவள் ரேடியோவிடம் என்னமோ சொல்லியிருக்கிறாள். மூன்றாவது வீட்டுக்குப் போகும் வழியிலேயே குட்டு வெளிப்பட்டது. ஆட்டோ பாதி நகரத்தைத் தாண்டி, அவர் வேலை பார்க்கப்போகிற பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் நின்றது. அதற்கு மேல் போக வழியில்லை. எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. கீழே குடியிருந்த வீட்டுக்காரி ஒரு தையல்காரி. வாசல் பக்கத்து அறையில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. பள்ளிக்கூட மணி அடித்தபோது ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

"நீங்க மேல போய்த் தண்ணி எப்படி வருதுன்னு பாருங்க. எனக்குப் படி ஏற முடியலை, இங்கேயே உட்கார்றேன்" என்றாள் டீச்சரம்மா.

படியே ஏற முடியாதவளுக்கு மாடி வீடு எதற்கு? அதைக் கேட்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை பாருங்கள். படித்தவர், பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுப்பவர், குழாயைத் திறந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழாயை மூடியதும் கீழே நடந்த பேச்சு சமையலறை ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"மெஷின் காலையில எப்ப ஓட ஆரம்பிக்கும்?"

"விடிஞ்சதும் உட்கார்ந்துடுவேன்மா. சத்தம் தொந்தரவுன்னா இப்பவே சொல்லிடுங்க."

"ஐயோ, ஓடட்டும், நல்லா ஓடட்டும். ஒண்ணு கேக்கட்டுமா? ஒருநாள் பள்ளிக்கூட மணி அடிச்சும் அவர் படியிறங்கி வரலைன்னு வைங்க. போய்க் கதவைத் தட்டுவீங்களா?"

"ஏன்மா, நீங்க இருப்பீங்களே?"

"நான் இருக்க மாட்டேன்."

உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். மெஷின் நின்றது.

"கோபக்காரர். கத்துவார். நீங்க காதுல போட்டுக்காதீங்க. திறக்கிற வரைக்கும் தட்டுங்க."

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படிப் படியிறங்கினார் என்று அவருக்கே தெரியாது. அவர் முகத்தைப் பார்த்த ரேடியோ, "நான் வெளியே நிக்கிறேன் சார்" என்று ஒரே வாக்கியத்தோடு நழுவினார். தையல்காரியும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"உனக்குப் பதிலா ஆள் போடுறியா? இது என்ன நம்ம பழைய பள்ளிக்கூடமா?"

"மெதுவாப் பேசுங்க."

"ஆம்புலன்ஸ் இந்தச் சந்துக்குள்ள வருமா? சொல்லு. உனக்கு ஒண்ணுன்னா நான் எங்கே போய் நிப்பேன்?"

"வராது. நானும் பார்த்தேன்" என்றாள். "அந்த ஆஸ்பத்திரி எதிர் வீடு எனக்குக் கொஞ்ச நாளைக்குத்தாங்க. அதுக்கப்புறம்? ஜன்னலைத் திறந்தா அந்த வாசல். அதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பீங்க. சாப்பிட மாட்டீங்க, வேலைக்கும் போக மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"

"அப்படியெல்லாம் பேசாதே."

"யாராவது பேசணும்ல? டாக்டர் வாயைத் திறக்க மாட்டேங்குறார். நீங்க காம்பஸை வெச்சுக்கிட்டு வட்டம் போடுறீங்க."

"நீ இல்லாம நான் இருக்கப்போற வீட்டை உன்னையே தேட வெச்சுட்டேனே" என்று சொல்லிவிட்டு, பெரிய மனுஷன், விக்கி விக்கி அழுதார். அவள் உள்ளங்கையால் அவர் முகத்தைத் துடைத்தாள். "உங்களை விட்டா அந்த ரேடியோ காட்டுற முதல் வீட்டுக்கே தலையாட்டுவீங்க. அதான்" என்றாள். அழுகைக்கு நடுவிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காக மறுபடியும் அழுதார்.

அந்த வீட்டுக்கே குடி வந்தார்கள். மாடிப்படியில் அவளை அவர் தூக்கிக்கொண்டு ஏறுவார். "சாக்பீஸ் டப்பாவைக்கூடத் தூக்காத ஆளு, பாருங்களேன்" என்று அவள் தையல்காரியைப் பார்த்துக் கண்ணடிப்பாள். அந்தச் சிரிப்பும் கொஞ்ச நாள்தான். ஒரு மத்தியானம் அவளுக்கு மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸ் சந்து முனையோடு நின்றுவிட்டது. அவரும் தையல்காரியும் அவளை நாற்காலியில் உட்காரவைத்துச் சந்து முழுக்கத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"வாசலுக்கு எதிர்லயே இருந்திருந்தாலும் இதேதான் சார்" என்றார் டாக்டர். வாத்தியார் நம்பவில்லை. இன்றுவரைக்கும் நம்பவில்லை. நான் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது, அழுதே காரியத்தைக் கெடுத்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். கண்ணை மூடினால் அந்தச் சந்து நீண்டுகொண்டே போனது.

காரியமெல்லாம் முடிந்து, வந்த சொந்தபந்தமும் ஊர் திரும்பி, அவர் மறுபடி வேலைக்குப் போக வேண்டிய நாள் வந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மணி அடித்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அவர் அசையவில்லை. அடிக்கட்டும், யாருக்கு வந்த விருந்து?

கீழே மெஷின் நின்றது. படியில் காலடிச் சத்தம். கதவு தட்டப்பட்டது.

"சார்."

அவர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். மறுபடி தட்டல்.

"உடம்பு சரியில்லை. போங்கம்மா."

தட்டல்.

"உங்களுக்கு வேற வேலை வெட்டி இல்லையா? மனுஷனை நிம்மதியாப் படுக்க விட மாட்டீங்களா?" வீடே அதிரக் கத்தினார். எல்லாரும் ஓடிவிடுகிற கத்தல் அது. பழைய பள்ளிக்கூடத்தில் வராந்தா வரைக்கும் கேட்கும்.

"கத்துங்க சார்" என்றாள் தையல்காரி வெளியிலிருந்து. அவள் குரலும் உடைந்துதான் இருந்தது. "கத்துவீங்கன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க." மறுபடி தட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், எங்கோ ஒரு வகுப்பில் பிள்ளைகள் இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஆள் இல்லாத வகுப்பின் இரைச்சல். அது எந்த வாத்தியாருக்கும் காதில் விழுந்ததுமே தெரியும். அது தன் வகுப்பு என்று அவருக்குத் தெரிந்தது. போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்தார். தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தார்.

"முகம் கழுவிட்டுக் கிளம்பிடறேன்" என்றார். "கிளம்பிட்டேன்னு அவகிட்ட சொல்லிடுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"சொல்லிடறேன் சார்" என்றாள் தையல்காரி.