சைத்ரம் வரட்டும்

ஆறு மாதத்துக்குப் பிறகு நிமாய் பாபுவின் பழைய சாமான் கடைப் படியேறிய சுந்தரேசன், பில்லியர்ட்ஸ் கோல்கள் சாத்தியிருந்த மூலையை மட்டும் பார்க்கவில்லை. ஒரு தையல் மெஷினின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். முள் இல்லாத கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். வெளியே கரியாஹாட் நடைபாதை முழுக்க "சேல், சேல்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். வங்காளி வருஷப் பிறப்புக்குப் பத்து நாள்தான் இருந்தது. பழைய சரக்கை எப்படியாவது தள்ளிவிட்டால் போதும் என்று கடைக்காரர்கள் தவிக்கும் சைத்ர மாதம். அவர் காத்திருந்ததே அதற்குத்தான்.

பில்லியர்ட்ஸ் கோல், ஸ்னூக்கர் கோல், இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆடும் பூல் கோல், எதுவானாலும் சரி, பழைய சாமான் கடையில் அடிமாட்டு விலைக்குக் கிடைத்துவிட்டால் சுந்தரேசனுக்கு அன்றைக்குத் தீபாவளி. கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தபோது இன்ஸ்டிட்யூட் கிளப் மேஜையில் பழகிய ஆட்டம். ரிட்டையர் ஆனபின் இடுப்பு வளையவில்லை, ஆட்டம் நின்றுபோயிற்று. வாங்குவது மட்டும் நிற்கவில்லை. வீட்டில் பீரோவுக்குப் பின்னால் பதினேழு கோல்கள் இருந்தன. எதற்கு என்று விஜயலக்ஷ்மி உயிரோடு இருந்தவரை கேட்டுப் பார்த்தாள். அவரால் பதில் சொல்ல முடிந்ததில்லை. ஆயிரம் பெறும் சாமானை முந்நூறுக்குக் கொடுத்துவிட்டு, அது தெரியாமல் கடைக்காரன் அதைப் பழைய பேப்பரில் சுற்றித் தருவானே, அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் எல்லாம். இதைப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது?

வேண்டும் என்பதை முகத்தில் காட்டக் கூடாது, முதலில் இறங்கி வரக் கூடாது. அவருக்குத் தெரிந்த வித்தை இவ்வளவுதான். மகள் ஹம்சினி சிறுமியாக இருந்தபோது சனிக்கிழமைகளில் அவளையும் கூட்டிப்போவார். நிமாய் பாபுவை அவள் சித்தப்பா முறையில் 'காகு' என்றுதான் கூப்பிடுவாள். பேரம் சூடு பிடிக்கும் சமயம் பார்த்து அவள் அவர் கையை இழுத்து, "வேண்டாம்ப்பா, போலாம்ப்பா" என்று சிணுங்க வேண்டும். சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே சிணுங்குவாள். வெளியே வந்ததும் ரெண்டு பேரும் சந்து முனைவரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நடப்பார்கள்.

போன துர்கா பூஜைக்கு அடுத்த வாரம் நிமாய் பாபுவிடம் பித்தளைத் தகடு பதித்த ஒரு சீமைக் கோல் வந்தது. அவர் ஆயிரத்து எண்ணூறு என்றார், இவர் எண்ணூறு என்றார், வார்த்தை தடித்துவிட்டது. சரி, அந்தக் கோல் அவர் கண்ணையே உறுத்தட்டும், சைத்ரம் வரட்டும் என்று சுந்தரேசன் இறங்கிப் போனார். அதன்பின் எத்தனையோ சனிக்கிழமைகள் வேறு கடைகளுக்குப் போனாரே தவிர, இந்தச் சந்துக்குள் திரும்பவில்லை.

ஹம்சினி விஷயத்திலும் அவர் அப்படித்தான் இருந்தார். போன வைகாசியில், கூட வேலை பார்க்கும் சந்தீப்போடு சால்ட் லேக்கில் ஒரே வீட்டில் இருக்கப் போவதாக அவள் சொன்னாள். கல்யாணம் பண்ணிக்கொண்டு போயேன் என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் நிற்கும் தோரணையைப் பார்த்ததும் வேறு சொல்லிவிட்டார்.

"போறதுன்னா போ. அப்புறம் இந்த ஆத்துக்கு வராதே."

"சரிப்பா."

இருவரில் ஒருவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். அவளே கூப்பிடட்டும். கூப்பிட்டால் அடுத்த நிமிஷம் டாக்ஸி பிடித்துப் போய் அழைத்துவந்துவிடுவதாகத்தான் இருந்தார். அவள் இல்லாத வீடு அவருக்கு நரகமாக இருந்தது. அதைச் சொல்லித் தொலைக்கத்தான் தெரியவில்லை.

இப்போது, போனால் போகிறது என்பதுபோல் மூலைப் பக்கம் திரும்பினார். சீமைக் கோல் விற்காமல் அங்கேயேதான் இருந்தது. உள்ளுக்குள் ஒரு துள்ளல். அதன் பக்கத்தில் குட்டையாக இன்னொன்று இருந்தது. அதை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் உருட்டினார். கோணல் இல்லை, நெளியாமல் ஓடியது. நுனியில் பித்தளை வளையம். திரைச்சீலைக் கம்பியிலிருந்து அவரே வெட்டி, அரம் போட்டுத் தேய்த்து மாட்டிய வளையம். பிடிக்கும் இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு. பதினான்கு வயதுப் பெண்ணின் உயரத்துக்கு அவர் கையால் அறுத்துக் குறைத்த கோல்.

ஹம்சினி போகும்போது தன்னோடு எடுத்துப்போன கோல். முகம் மட்டும் பழகிய பழக்கத்தில் உம்மென்றே இருந்தது.

"இது என்ன, இவ்வளவு குட்டை? யார் வாங்குவா இதை?" என்றார் வங்காளியில்.

"ரெண்டாயிரம்."

"இருநூறு தரேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. நிமாய் பாபு சண்டைக்கு வரவில்லை. படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

"அது சொன்னது சரியாப்போச்சு, சுந்தர்தா. 'ரெண்டாயிரம் சொல்லுங்க காகு, இருநூறுன்னு ஆரம்பிப்பார். சண்டை போட்டு முடிச்சுட்டு, யார் கொண்டுவந்தான்னு கேட்பார். அப்போ சொல்லுங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு உங்க பொண்ணு."

"எப்போ?"

"பௌஷ மாசம். நல்ல குளிர். மூணு சனிக்கிழமை வந்துச்சு. அதோ அந்த ஸ்டூல்லதான் உட்கார்ந்திருக்கும், கடை சாத்தறவரைக்கும். பாதி ஆளா இளைச்சுப்போயிருந்தது. வீட்டுக்கே போகலாமேம்மான்னேன். 'காகு, அப்பா வீட்டுக்கு வராதேன்னுதான் சொன்னார், கடைக்கு வராதேன்னு சொல்லலையே'ன்னு சிரிச்சுது."

சுந்தரேசன் அந்த ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பையன் ஹைதராபாத் போயிட்டானாம். வீட்டுச் சொந்தக்காரரும் காலி பண்ணச் சொல்லிட்டார்போல. போனை எடுத்து எடுத்துப் பார்க்கும், பைக்குள்ள போட்டுக்கும். மூணாவது வாரம் பெரிய பெட்டியோட வந்துச்சு. 'தூரத்துலேயே என்னைப் பார்த்துட்டு அப்பா திரும்பிப் போயிருப்பாரோ'ன்னு கேட்டுது. நம்ம சண்டையைச் சொன்னேன். சிரிச்சுது. அப்புறம் இதைக் கொடுத்துட்டு, நான் கொடுத்த பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காம ஹவுரா ஸ்டேஷன் பஸ் நிக்கற பக்கமா நடந்துச்சு."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா நீங்க?"

"உங்க நம்பரை என்னிக்காவது கொடுத்திருக்கீங்களா? கொடுத்தா நல்ல சரக்கு வந்திருக்குன்னு கூப்பிட்டு விலை ஏத்துவேன்னு சொன்னது யாரு?"

சுந்தரேசன் போனை எடுத்தார். பதினோரு மாதமாகக் கூப்பிடாத எண். அழுத்தினார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வங்காளியில் ஒரு பெண் குரல் சொன்னது, பிறகு இந்தியில், பிறகு இங்கிலீஷில். மூன்றையும் கடைசிவரை கேட்டார். மறுபடி போட்டார்.

பர்ஸில் இருந்ததையெல்லாம் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கோலோடு படியிறங்கியவர், கடைசிப் படியில் நின்றுவிட்டார். அவள் என்றாவது இந்தச் சந்தில் எட்டிப் பார்ப்பாள். கோல் இங்கேயே இருந்தால் அப்பா வரவேயில்லை என்று நினைத்துக்கொள்வாள். எடுத்துக்கொண்டு போய்விட்டால், எவனோ வாங்கிப் போய்விட்டான் என்றும் நினைக்கலாம் அல்லவா? நிமாய் பாபு அப்போது கடையில் இல்லாவிட்டால், உள்ளே வந்து கேட்காமலே போய்விட்டால்? திரும்பி உள்ளே வந்து கோலை மூலையில் சாத்தினார். மறுபடி எடுத்தார். நிமாய் பாபு பார்த்துக்கொண்டே இருந்தார். சுந்தரேசன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கோல் மடியில் கிடந்தது.

ஒன்றரை மணிக்கு நிமாய் பாபு சாப்பிட வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

"சாயங்காலம் வாங்களேன், சுந்தர்தா."

"நீங்க போயிட்டு வாங்கோ. நான் இருக்கேன்."

நிமாய் பாபு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டார். அப்புறம் ஷட்டரைப் பாதிக்கு மட்டும் இறக்கிவிட்டுப் போனார். உள்ளே வெளிச்சம் குறைந்தது. சந்தில் போகிறவர்களின் முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் தெரிந்தது. புடவைக் கரைகள், ஜீன்ஸ் விளிம்புகள், சேல் பைகள் இடிபடும் கெண்டைக்கால்கள், பெண்களின் விதவிதமான செருப்புகள். ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்தார். ஹம்சினி எந்த மாதிரிச் செருப்பு போடுவாள் என்று யோசித்தார். எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. மெலிந்த இரண்டு கால்கள் ஷட்டருக்கு நேரே வந்து, திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாததுபோல் ஒரு கணம் தயங்கின. அவர் எழுந்திருப்பதற்குள் நகர்ந்துவிட்டன. குனிந்து, ஷட்டருக்கு அடியில் தலையை நீட்டி, வெயிலில் கண் கூச இரண்டு பக்கமும் பார்த்தார். சந்து முழுக்கக் கால்களும் முதுகுகளுமாக இருந்தன. "ஹம்சீ" என்று கூப்பிட்டார். "சேல், சேல்" என்ற கூச்சலில் அது பக்கத்துக் கடைக்கே கேட்டிருக்காது. இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.