கட்டிப்பிடிக்காத வீடு

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை. கல்நெஞ்சக்காரர்கள் என்று எதிர்வீட்டுக்காரி சொல்லித் திரிகிறாளாம். சொல்லட்டும், அவள் வாய்க்குப் பூட்டு போடவா முடியும்? என் அண்ணன் மகளின் தோல் அப்படிப்பட்டது. மேல்தோலை உள்தோலோடு சேர்த்துப் பிடித்து வைக்கும் கொக்கி மாதிரி ஏதோ ஒன்று எல்லோருக்கும் இருக்குமாம். இவளுக்குப் பிறவியிலேயே இல்லை என்றார் தோல் டாக்டர். லேசாக உரசினால் கொப்புளம் வரும். அழுத்திப் பிடித்தால் தோல் கையோடு வந்துவிடும்.

அதனால் அவளுக்குச் சட்டையைத் திருப்பித்தான் போடுவோம், தையல் உறுத்தக்கூடாதே. தூக்குவதென்றால் இடுப்புக்கு அடியில் ஒரு கை, கழுத்துக்கு அடியில் ஒரு கை. அக்குளில் கை கொடுக்கவே கூடாது. தினமும் அண்ணியும் நானும் கட்டுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பிரிப்போம். புதுக் கொப்புளங்களை ஊசியால் குத்தி நீரை வடிப்போம். விரல்களைத் தனித்தனியாகச் சுற்றுவோம், இல்லையென்றால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அத்தனை வலிக்கு நடுவிலும் அவள் அதிகாரத்துக்கு மட்டும் குறைச்சல் இருக்காது.

"அத்தை, மெதுவா! கையா அது, உப்புத்தாளா?"

"ஆமாடி மகாராணி. உனக்குப் பணிவிடை செஞ்சே இப்படி ஆயிடுச்சு."

மகாராணி என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

அண்ணன் அவளைத் தொடுவதே இல்லை. நடை பழகிய வயதில் அவள் குளியலறையில் வழுக்கினாள். எந்த அப்பனும் செய்வதைத்தான் அவனும் செய்தான். சட்டென்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். கீழே விழுந்திருந்தால்கூட அவ்வளவு காயம் பட்டிருக்காது. அன்றிலிருந்து அறை வாசலில் நின்றுதான் மகளிடம் பேசுவான். உள்ளே வாயேன் என்றால், வேலை கிடக்கு என்று நழுவிவிடுவான்.

அண்ணி வேறு வழி கண்டுபிடித்தாள். ஆசை வரும்போதெல்லாம் ஒரு பஞ்சுத் தலையணையை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். பிறகு அந்தச் சூடு ஆறுவதற்குள் அதை மகளின் மடியில் வைப்பாள்.

மகாராணிக்கு இருபது வயது தாண்டியதும், தழும்பு மேல் தழும்பு விழுந்த முழங்கையில் ஒரு புண் ஆறவே மாட்டேன் என்றது. புற்றுநோய் என்றார்கள். வெட்டி எடுத்தும் அடங்காமல் நுரையீரலைப் பிடித்துக்கொண்டது.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. வலி தெரியாம பாத்துக்கலாம்" என்றார் அதே தோல் டாக்டர். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நீரே அழுதால் நாங்கள் யாரிடம் போய் நிற்பது ஐயா?

ஒரு மத்தியானம், கட்டு மாற்றி முடித்ததும் மகாராணி சொன்னாள்.

"அம்மா, என்னைக் கட்டிப்பிடி."

அண்ணி தலையணையை எடுத்தாள்.

"அது வேணாம். என்னை."

"தோல் வந்துடும்டா தங்கம்."

"வரட்டுமே. இனிமே இதை ஆற வச்சு என்ன பண்ணப் போறோம்?"

அண்ணி கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். கை பாதி வழியில் நின்றுவிட்டது. மறுபடி நீட்டினாள், மறுபடி நின்றது. பிறகு பழக்கதோஷத்தில் ஒன்று இடுப்புக்கு அடியிலும் ஒன்று கழுத்துக்கு அடியிலும் போயிற்று.

"எனக்கு வரலையே" என்று என்னைப் பார்த்து அழுதாள்.

இதென்ன அண்ணி, இதுக்குப் போய் என்று அதட்ட வாயெடுத்தேன். பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெற்ற மகளைக் கட்டிப்பிடிக்கத் தெரியாத தாயை எந்தக் கண்ணால் பார்ப்பது?

மகாராணிதான் மெல்ல முன்னால் சாய்ந்து, கட்டுப் போட்ட கைகளை அம்மாவின் கழுத்தில் போட்டாள். முகத்தைத் தோளில் வைத்துக்கொண்டாள். அண்ணியின் கைகள் மகளின் முதுகுக்கு வந்தன. முதலில் சும்மா தொட்டுக்கொண்டிருந்தன. பிறகு இறுகின. மகாராணிக்கு மூச்சு ஒரு கணம் நின்று வந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது. விட்டுடாதம்மா."

அண்ணி விடவில்லை. அறை வாசலில் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தோம். முதுகில் இரண்டு உள்ளங்கை, பத்து விரல், தோல் உரிந்து அப்படியே சிவந்திருந்தன. நான் மருந்தை எடுத்தேன். அண்ணி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு விரலாகப் பூசினாள்.

"எப்படி இருக்கு அத்தை?"

"உங்கம்மா கை அப்படியே இருக்குடி."

"போட்டோ எடுத்துக் காட்டு."

எடுத்துக் காட்டினேன். போனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காயம் ஆறுவதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.