ஓட்டுபவர் எடை

அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன், ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளும், கால்கள் பெடல்களைத் தேடி எங்கோ இருட்டுக்குள் நீண்டிருக்கின்றன, நான்கு சக்கரங்களுக்கும் அடியில் நான்கு தட்டையான தராசுகள், அவற்றிலிருந்து வயர்கள் ஊர்ந்து போய் ஒரு சிறிய பெட்டியில் சேர்கின்றன, பெட்டியின் கண்ணாடியில் நான்கு எண்கள் நிலைகொள்ளாமல் நடுங்கிக்கொண்டிருக்கின்றன, டீச்சர், சீட்டுல நல்லா சாஞ்சுக்கங்க, கிரி சாரு அப்படித்தான் உக்காருவாரு என்கிறார் மெக்கானிக் பெனடிக்ட், கிரி எப்படி உட்காருவான் என்று எனக்கே பாடம் எடுக்கிறார், என் தம்பி அவன், ஏழு வயது இளையவன், என் இடுப்பில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவனுக்குத் தூக்கம் வரும் என்பதுவரை தெரிந்தவள் நான், ஆனாலும் சாய்ந்துகொள்கிறேன், தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் இந்தச் சிவப்புக் காருக்குள் இறங்குவதற்கே ஒரு யோகாசனம் தெரிந்திருக்க வேண்டும், ஐம்பத்தோரு வயதில், மூட்டுவலியோடு, ஒரு கணக்கு டீச்சர் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இதற்குள் இறங்கிய காட்சியைப் பார்க்காமல் பெனடிக்ட் மரியாதையாகச் சுவரைப் பார்த்து நின்றார், நல்ல மனுஷன்.

இங்கே உட்கார வேண்டியவன் கிரிதான், வண்டிக்குப் புது ஸ்பிரிங் மாட்டினால் ஓட்டுகிற ஆளையே உள்ளே உட்கார வைத்து நான்கு சக்கரத்திலும் எடை பார்க்க வேண்டுமாம், ஆள் உக்காந்தாத்தான் டீச்சர் தராசு நிஜம் பேசும் என்றார், அவனால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது என்றேன், அப்ப நீங்க வந்து உக்காருங்க என்றார், யோசிக்கவே இல்லை, ஏற்கெனவே பேசி வைத்ததுபோல் சொன்னார், அது எனக்கு அப்போது உறைக்கவில்லை, வந்துவிட்டேன், தம்பிக்குப் பதிலாக ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னால்கூட வந்திருப்பேன், அதற்குத்தான் வழியில்லை, அவன் வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருந்தேன், சும்மா உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை, இப்போதும் உட்கார்ந்துதான் இருக்கிறேன், சுவர்களில் கிரீஸ் கைகளின் அடையாளங்கள், எங்கோ ஒரு காற்றுக்குழாய் சீறுகிறது, கண்ணை மூடினால் அது அவனுடைய மூச்சுபோல் கேட்கிறது.

எங்கள் இருவருக்குமே கல்யாணம் கூடி வரவில்லை, அவனுக்கு இந்தக் கார், எனக்குப் பரீட்சைப் பேப்பர் கட்டுகள், சிங்காநல்லூர் வீட்டில் அப்படியே காலம் ஓடிவிட்டது, வருஷத்துக்கு நாலைந்து முறை செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்கில் கொண்டுபோய் ஓட்டுவான், நானும் போய் வெயிலில் குடையோடு நின்று, ஒவ்வொரு சுற்றிலும் அவன் கண்ணில் படும்வரை எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பேன், ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது, அதோ சிவப்பு, திரும்பவும் ஒன்றிலிருந்து, சிறுவயதில் என் பேனாக்களில் ஸ்பிரிங்கே இருக்காது, கழற்றிக் கழற்றி இழுத்துப் பார்ப்பான், ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் அது திரும்பச் சுருங்காது, சுருங்கவில்லை என்று என்னிடமே கொண்டுவந்து அழுவான், சரி பண்ணிக்கொடு என்பான், நானும் விரலால் சுருட்டிச் சுருட்டிப் பார்ப்பேன், எனக்குத் தெரியும் அது வராது என்று, ஆனாலும் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறானே, சுருட்டிக்கொண்டே இருப்பேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் ஒருநாள், அக்கா, ஸ்பிரிங் மாத்தோணும் என்றான், என்னவோ மாத்திரையைச் சொல்கிறான் என்று நினைத்தேன், வண்டிக்கு அக்கா, பழசெல்லாம் உக்காந்துபோச்சு, வேகத்தடையில ஏறுனா வயிறு உரசுது, மாத்திப்போட்டு ஒரேயொரு தடவ ட்ராக்குல ஒரு ரவுண்டு போயிட்டு வந்தர்றேன், எனக்குக் கோபம்தான் வந்தது, கஞ்சி ஒரு டம்ளர் உள்ளே போகவில்லை, ரவுண்டு கேட்கிறதா உனக்கு என்று கத்தினேன், கத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய் அழுதேன், அழுதுவிட்டு வந்து, சரி காட்டு, எந்த ஸ்பிரிங் என்றேன், அவன் சிரிக்கிறான், தலையணையில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு படம் படமாகத் தள்ளுகிறான், நீலம், மஞ்சள், கறுப்பு, எல்லாம் ஒரே மாதிரி சுருள்தான், இது மில்லிமீட்டருக்கு நாலு கிலோ அக்கா, நாலு கிலோ ஏத்துனா ஒரு மில்லிமீட்டர் அமுங்கும், இது ஆறு, இது எட்டு, எட்டுன்னா கல்லு மாதிரி நிக்கும், வளைவுல சாயவே சாயாது, ஆனா ரோட்டுல ஒரு புளியங்கொட்டை கெடந்தாலும் முதுகுத்தண்டு சொல்லிப்போடும் என்றான், எட்டு வேண்டாம், வயிற்றில் தையல் போட்ட உடம்புக்கு எட்டு எதற்கு, நாலே வாங்கு என்று நான் பிடித்த பிடியில் நிற்கிறேன், நாலு வெச்சா வளைவுல கப்பல் மாதிரி சாயும் அக்கா, சாயட்டும், உலகமே சாய்கிறது, கார் சாய்ந்தால் என்ன.

மூன்று நாள் சண்டை நடந்தது, எனக்கு அந்த மூன்று நாளும் பிடித்திருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும், அவன் குரலில் பழைய முறுக்கு வந்திருந்தது, உனக்கு வாத்தியார் வேலைதான் லாயக்கு, வாயே ஓயாது என்று கிண்டல் செய்தான், மூன்றாம் நாள் சாயங்காலம் திடீரென்று டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சரி, உனக்கு எது ஒத்துவரும்னு படுதோ அதையே போட்டுக்கலாம் என்றான், நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் ஐந்து என்று பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தேன், அவனும் தலையாட்டினான், அஞ்சுன்னா ரெடிமேடா கெடைக்காது, கணபதி ஏரியாவுல ஒருத்தரு அளவு குடுத்தா சுத்தித் தருவாரு, பெனடிக்ட் பாத்துக்குவாரு என்றான், அன்று அரை இட்லி கூடுதலாகச் சாப்பிட்டான்.

மறுநாள் பள்ளியில் இருக்கும்போது பெனடிக்ட் போன் செய்தார், ப்ளஸ் டூ வகுப்பு முடிந்து மாடிப்படியில் நின்று பேசினேன், டீச்சர், ஸ்பிரிங்குக்காரரு கேக்கறாருங்க, வண்டி எடை எங்கிட்ட இருக்குது, ஓட்டறவரு எடை எவ்வளவுன்னு சொல்லோணும், சாரு முன்னெல்லாம் எழுபத்தெட்டு இருப்பாரு, இப்ப எவ்வளவுங்க, எழுபத்தெட்டு, ஆமாம், எழுபத்தெட்டு, பிறகு எழுபத்தொன்று, அறுபத்தாறு, அறுபத்தொன்று, ஐம்பத்தேழு, ஐம்பத்துமூன்று, காலண்டரில் ஒவ்வொரு மாதத்துக்கும் கீழே நான்தான் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், காலையில் ஐம்பத்துமூன்று, வாயில் வந்தது ஐம்பத்தெட்டு, பாஸாகாத பிள்ளைக்கு நான் இருபத்தேழு வருஷத்தில் ஒரு மார்க்கும் கூட்டிப் போட்டதில்லை, கல்நெஞ்சுக்காரி என்றே பெயர், என் தம்பிக்கு ஐந்து கிலோ கூட்டிப் போட்டேன், ஐம்பத்தெட்டுங்களா என்று கேட்டுவிட்டு, சரிங்க டீச்சர் என்று மட்டும் சொன்னார் பெனடிக்ட், அன்றிலிருந்து பயம்தான், பொய்யான எடைக்குச் சுற்றிய ஸ்பிரிங் மெலிந்த உடம்புக்குக் கல்லாக இருக்குமே, ஒவ்வொரு குழியும் தையலில் இடிக்குமே, நான் சொன்ன பொய்தானே இடிக்கப் போகிறது, கனவில் அவன் தராசில் ஏறி நிற்கிறான், முள் நகரவே இல்லை, இன்னொரு கால வையுடா என்கிறேன், ரெண்டு காலும் வெச்சிட்டேன் அக்கா என்கிறான், குனிந்து பார்க்கிறேன், வைத்துத்தான் இருக்கிறான்.

ஆச்சுங்க டீச்சர், எல்லாம் நின்னுருச்சு, பெனடிக்ட் சொல்கிறார், நான்கு எண்களும் ஆடாமல் நிற்கின்றன, அவர் ஒரு பழைய டைரிப் பக்கத்தைப் பார்க்கிறார், பெட்டியைப் பார்க்கிறார், நாலும் கரெக்டா உக்காந்திருக்குது, உயரமும் சொன்ன அளவுதான், ஒரு நூல் பிசகல என்கிறார் திருப்தியாக, எப்படிச் சரியாக இருக்கும், நான் அவனைவிடப் பதின்மூன்று கிலோ கூட, அவன் இன்று காலையில் நாற்பத்தொன்பது, நான் அறுபத்திரண்டு, அரிசி மூட்டையை ஏற்றி எடையைக் கூட்டலாம், என்னிடமிருந்து பதின்மூன்று கிலோவை எங்கே இறக்கி வைப்பது, அதைக் கேட்கத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன், பெனடிக்ட், அதிக எடையில் அளந்தால் எண்கள் தப்பாகத்தானே வர வேண்டும் என்றேன், அவர் பழைய பனியன் துணியில் கையைத் துடைக்கிறார், ஒவ்வொரு விரலாகத் துடைக்கிறார், நான் சொன்ன ஐம்பத்தெட்டுக்கும் இது பொருந்தாதே பெனடிக்ட், எந்த எடைக்குச் சுற்றச் சொன்னீர்கள், அவர் சுவரைப் பார்க்கிறார், நான் இறங்குவதற்கு இடுப்பைக்கூட அசைக்கவில்லை, ஆனாலும் திரும்பி நிற்கிறார்.

தினமும் காலையில், அவன் தராசில் ஏறுவதற்கு முன்னால், அக்கா, நீ மொதல்ல ஏறு, மெஷின் சரியா இருக்குதான்னு பாக்கோணும் என்பான், இரண்டு மாதமாக அப்படித்தான், நானும் அசட்டுத்தனமாக ஏறி நிற்பேன், அறுபத்திரண்டு, அவன் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, மெஷின் நல்லாத்தான் இருக்குது, நாந்தான் சரியில்ல என்பான், இருவரும் சிரிப்போம், மெஷினையா பார்த்தான், என்னைப் பார்த்திருக்கிறான், பார்த்த எடையைப் பெனடிக்டிடம் சொல்லியிருக்கிறான், அவர் போனில் என்னிடம் கேட்டது ஒப்புக்குத்தான், உனக்கு எது ஒத்துவரும் என்றானே, மூன்று நாள் என் மூட்டுவலிக்கும் என் முதுகுக்குமா கேட்டுக்கொண்டிருந்தான், அவனுடைய தையலுக்காக நான் பிடித்த அடமெல்லாம் எனக்கே மெத்தை போட்டுக்கொண்டதாக ஆகிவிட்டதே, காரிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை, ஆட்டோவில் வீட்டுக்கு வந்தது மட்டும் தெரியும், வழியெல்லாம் குழி, ஒவ்வொன்றும் இடித்தது.

ஜன்னல் பக்கக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தான், மத்தியான வெயில் அவன் கால்களின் மேல் கிடந்தது, போர்வைக்குள் கால்கள் இருப்பதே தெரியவில்லை, ஏன்டா இப்படிப் பண்ணினாய் என்றேன், பெனடிக்ட் காட்டிக் குடுத்துட்டாரா என்றான், அவர் வாயைத் திறக்கவில்லை, எனக்குக் கூட்டல் கழித்தல் தெரியும், யாருடா ஓட்டப் போகிறது அதை, நானா, ஸ்கூட்டரில் போனாலே சந்து சந்தாகப் போகிறவளடா நான், அவன் என் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைக்கப் பார்த்தான், கையில் வலுவே இல்லை, நானாகத்தான் உட்கார்ந்தேன், வேகமாவா ஓட்டச் சொல்றேன், ஞாயித்துக்கெழம காலையில பல்லடம் ரோட்டுல ஒரு பத்து கிலோமீட்டர் போயிட்டு வா அக்கா, இல்லீனா சும்மா நின்னு நின்னே அது போயிரும் என்றான், எனக்கு வேண்டாம், உன் எடைக்குத் திரும்பவும் சுற்றச் சொல்கிறேன், நீதான் ஓட்ட வேண்டும், நீ ஓட்டுவாய், நான் குடை பிடித்துக்கொண்டு நிற்பேன் என்று போனை எடுத்துப் பெனடிக்டின் எண்ணை அழுத்திவிட்டேன்.

பண்ணு, எவ்வளவுன்னு சொல்லுவ என்று கேட்டான் கிரி, நாற்பத்தொன்பது என்றேன், ஸ்பிரிங் சுத்தி வர அஞ்சு வாரம் ஆகுமில்ல என்றான், குரலில் கிண்டல் இல்லை, கோபம் இல்லை, நிஜமாகவே என்னிடம் ஒரு கணக்குக் கேட்கிறான், சின்ன வயதில் ஸ்லேட்டை நீட்டிக் கேட்பதுபோல், நீ கணக்கு டீச்சர் தானே அக்கா, அஞ்சு வாரம் கழிச்சு நான் எவ்வளவு இருப்பேன்னு போட்டுச் சொல்லு, அதையே குடுத்துரலாம் என்றான், அந்தக் கணக்கைப் போட்டு எத்தனையோ நாளாகிறது, பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில், பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது, காலண்டரின் அந்தப் பென்சில் எண்களை மேற்கொண்டு இழுத்துக்கொண்டே போயிருக்கிறேன், ஐந்து வாரத்துக்கு மட்டுமல்ல, அதற்கு அப்பாலும் தெரியும் எனக்கு, எந்த மாதத்தில் கோடு நின்றுவிடும் என்பதுவரை தெரியும், அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான், போன் அடித்துக்கொண்டிருக்கிறது, மறுமுனையில் எடுத்தார், ஸ்பிரிங் எடை விஷயம் என்றேன், சொல்லுங்க டீச்சர், எத்தனைன்னு சொல்லோணும் என்றார் பெனடிக்ட், அறுபத்திரண்டே இருக்கட்டும் என்றேன்.