பெட்டி என்ன நிறம்?

கணிதப் பட்டத்துக்கான எல்லாத் தாள்களையும் எழுதித் தேறிவிட்டேன். ஒரே ஒரு பிரெஞ்சுத் தேர்வு என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. கணக்கு டீச்சர் ஆகப் போகிறவளுக்கு அந்நிய மொழி எதற்கு என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் சண்டையே போட்டேன். "ரூல்ஸ் அப்படிம்மா" என்றார் எழுத்தர். அந்த ரூல்ஸை எழுதிய புண்ணியவான் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் நடப்பதே வேறு.

மொழி வகுப்பும் என் ஷிஃப்ட்டும் ஒரே நேரம். வகுப்புக்கு வராதவர்களுக்கு வாய்மொழித் தேர்வு உண்டு. பதினைந்து நிமிடம் பேச வேண்டும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது முறையும் போனால் பட்டம் கிடையாது. எனக்காக ஒரு பள்ளிக்கூடம் மாதக் கடைசி வரை இடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தது.

விமான நிலையத்தில், பெட்டி வராதவர்கள் வந்து நிற்கும் கவுன்ட்டரில் எனக்கு எட்டு வருடமாக வேலை. அங்கே 'தொலைந்துவிட்டது' என்று சொல்லவே கூடாது. 'இன்னும் வந்து சேரவில்லை' என்றுதான் சொல்ல வேண்டும். பாதிப் பேர் என்னைத் திட்டுவது பிரெஞ்சில். நானும் பிரெஞ்சிலேயே சமாதானம் சொல்லி அனுப்புவேன். ஆனால் அதை ஒரு மொழி என்று நான் நினைத்ததே இல்லை. அது வேலை, அவ்வளவுதான். தேர்வு என்றால் புத்தகத்தை மனப்பாடம் செய்ய வேண்டும் என்றே இருந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பத்து நாளாக என்னைச் சமையலறையில் நிறுத்தி 'என் விடுமுறை'யை ஒப்பிக்க வைத்தார். கடற்கரை, இதமான வெயில், குடும்பத்தோடு மகிழ்ச்சி.

"எட்டு வருஷத்துல எங்கயும் போனதில்ல. என்னமா அளக்குற!" என்றார்.

"நீங்க கூட்டிட்டுப் போயிருந்தா நான் ஏன் அளக்குறேன்?"

அவர் மறுபடி முதல் வரியிலிருந்து ஒப்பிக்கச் சொன்னார்.

தேர்வறையில் இரண்டு பேர். நரைத்த தலையோடு ஒரு மேடம். பக்கத்தில் குறிப்பெடுக்கத் தாடிக்காரர் ஒருவர். "உங்க விடுமுறையப் பத்திச் சொல்லுங்க" என்று மேடம் பிரெஞ்சில் கேட்டார். ஒப்பித்து வைத்ததையே கேட்டுவிட்டார், பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்து ஆரம்பித்தேன். மூன்றாவது வாக்கியத்தில், வெயில் இதமாக இருந்த இடத்தில், அத்தனையும் மறந்துபோனது. தாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மேடத்துக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "பரவால்ல. நானும் போன மாசம் லீவுல போனேன். என் பெட்டி இன்னும் வரல" என்றார்.

"பெட்டி என்ன நிறம் மேடம்?"

கவுன்ட்டரில் கேட்கிற மாதிரியே பிரெஞ்சில் என் வாய்தான் கேட்டது, நான் கேட்கவில்லை. மேடம் பச்சை என்றார். மேசையில் கிடந்த தாளை இழுத்து எழுதினேன். துணியா, பிளாஸ்டிக்கா? எத்தனை சக்கரம்? பெயர்ச்சீட்டு இருந்ததா? சீட்டு கிழிந்துவிட்டதாம். "திறந்ததும் மேல என்ன இருக்கும்?" என்றேன்.

"நீலச் சால்வை. எங்கம்மாவோடது." மேடத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது.

சீட்டில்லாத பெட்டிகள் எந்தக் கிடங்குக்குப் போகும், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எல்லாம் சொன்னேன். "புகார்ல நிறத்தோட நிறுத்தாதீங்க, பச்சைப் பெட்டி நூறு இருக்கும். சால்வைய எழுதுங்க. தொறந்து பாக்குறவங்களுக்கு அதுதான் அடையாளம்." மேடம் வரிவரியாகக் குறித்துக்கொண்டார். கிடைக்குமா என்று கேட்டார். சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் தேடாமல் விட மாட்டார்கள் என்றேன்.

"மேடம், இருபத்திரண்டு நிமிஷம் ஆச்சு" என்றார் தாடிக்காரர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதில் சொல்ல வந்தவள் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன்! "மன்னிச்சிடுங்க, பரீட்சைங்கிறதையே மறந்துட்டேன்" என்று எழுந்தேன்.

"அத மறந்தப்புறம்தான் நீங்க பேசவே ஆரம்பிச்சீங்க" என்றார் மேடம். படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தேர்ச்சி என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தால் என்ன.

படியிறங்கும்போதே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"கடற்கரைய ஒழுங்கா சொன்னியா?"

"என்னங்க, வந்து சேந்துடுச்சு."

"எது? யாரு பெட்டி?"

"என்னோடதுங்க" என்றேன்.