மேட்டு வயலில் பெய்த மழை

ஊற்றுக்கு எதிர்வீடு என்னுடையது. சனிக்கிழமைகளில் சந்தை முடிந்து வருகிறவர்கள் காரை என் வேலியோரம் நிறுத்திவிட்டு, கேன்களையும் காலி பாட்டில்களையும் தூக்கிக்கொண்டு படியிறங்குவார்கள். ஒரே ஒரு இரும்புக் குழாய், மூக்கு உடைந்த ஒரு புனிதர் கற்சிலையின் காலடியிலிருந்து நீண்டிருக்கும். தண்ணீர் அவசரப்படாது. காத்திருக்கும் நேரத்தில் ஊர்க்கதை எல்லாம் பேசித் தீரும். வீட்டுக் குழாயில் குளோரின் நாறுகிறது, அதில் காப்பி போட முடியாது என்பது பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியிலிருக்கும் எங்கள் கிராமத்தில் எல்லோருக்கும் ஒத்த கருத்து.

பிறகு ஒருநாள் ஊராட்சிக்காரர்கள் வந்து பலகை அடித்தார்கள். தண்ணீரில் நைட்ரேட் மிகுந்துவிட்டது, குடிக்கக் கூடாது, கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று எழுதியிருந்தது. எல்லோரும் பலகையைப் படித்தார்கள், படித்துவிட்டு மேலே பார்த்தார்கள். ஊற்றுக்கு மேலே இருப்பது சோவாஸிக்கின் மக்காச்சோள வயல். அவளும் அவள் புருஷன் கூல்வெனும் பன்றி வளர்த்தார்கள். கொட்டகைக் கழிவையெல்லாம் அந்த மேட்டு வயலுக்குத்தான் பாய்ச்சினார்கள்.

எங்கள் ஊர் எலியான் கிழவியின் மருமகள் அப்போது பாரிஸிலிருந்து குழந்தையோடு வந்திருந்தாள். பலகையைப் பார்த்ததும் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஆனாலும் அவள் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டாள். மறு சனிக்கிழமை எலியான் ஊற்றடியில் நின்றாள், தண்ணீர் பிடிக்க அல்ல.

"உன் பன்னி மூத்திரத்துலதான் என் பேரனுக்குப் பால் கலக்கிக் குடுத்திருக்கோம், சோவாஸிக். முன்னாடியே சொல்லியிருந்தா கொஞ்சம் சர்க்கரை போட்டிருப்பேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். சோவாஸிக் பாதி நிறைந்த பாட்டிலை மூடி எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள்.

இனி மேட்டு வயலில் கழிவு விடக் கூடாது என்று அவள் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். "அப்ப எங்க கொட்டச் சொல்ற? அடுப்படியிலயா?" என்று கேட்டானாம் அவன். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் சண்டை. கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். ஜெயித்தாள் என்று சொல்லலாமோ என்னவோ. பன்றிகளை விற்றார்கள். மேட்டு வயலில் வெறும் புல் விதைத்தார்கள். அந்த வயதில் கூல்வெனுக்கு வேலை கொடுத்தது இறைச்சிக்கூடம் ஒன்றுதான், குளிரறையில் வெட்டுகிற வேலை. முதல் வாரம் வந்த லாரியிலேயே அவனுடைய பன்றிகள் இருந்தன. காதில் குத்திய எண்ணை வைத்துக் கண்டுகொண்டதாக என்னிடம் சொன்னான்.

வசந்தம் வந்தால் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்து சின்னக் குப்பிகளில் தண்ணீர் எடுத்துப்போவாள். அவள் வரும் நாளில் சோவாஸிக்கும் வந்து நிற்பாள். முதல் வருடம் அளவு குறையவில்லை. அடுத்த வருடமும் இல்லை. அதற்கடுத்த வசந்தத்தில் நானும் பக்கத்தில் இருந்தேன், செடிகளுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"போன வருஷம் எடுத்ததுல இன்னும் கூடியிருக்குங்க," என்றாள் அந்தப் பெண்.

"பன்னி வித்து மூணு வருஷம் ஆச்சும்மா. ஒரு சொட்டு விடல."

அந்தப் பெண் குப்பியை மூடிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "மேல பெய்யற மழை மண்ணுக்குள்ள இறங்கி, பாறையில கசிஞ்சு, இங்க வந்து சேர இருபது வருஷத்துக்கு மேல ஆகுங்க. இப்ப வர்றது உங்க மாமனார் காலத்து மழை."

சோவாஸிக்கின் முகம் ஒரு கணம் தெளிந்ததைப் பார்த்தேன். தன்மேல் பழி இல்லை என்று நினைத்தாளோ என்னவோ. அது நிற்கவில்லை. மாமனார் வைத்திருந்தது சின்னக் கொட்டகை. அதை மும்மடங்காகப் பெரிதாக்கியது இவர்கள் இருவரும்தான்.

"அப்ப எங்களோடது?"

"இனிமேதாங்க வரும்."

வயலைத் தோண்டிப் போட்டால் என்ன, வேறு பயிர் வைத்தால் என்ன என்றெல்லாம் அவள் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் இல்லையென்று தலையை ஆட்டினாள். உள்ளே இறங்கியது இறங்கியதுதான்.

சாயங்காலம் நான் முட்டை கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது, கூல்வென் வீங்கிய விரல்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "குறைஞ்சிருக்கா?" என்று கேட்டான்.

"கொஞ்சம்," என்றாள் சோவாஸிக், என்னைப் பார்க்காமல்.

மறு வருடம் அவள் வரவில்லை. கூல்வென் தானாகவே லீவு போட்டுவிட்டு வந்தான். நல்ல சேதி கேட்கப் போகிறவன் மாதிரி சவரம் செய்திருந்தான். அந்தப் பெண்ணும் பாவம், அவனுக்கும் அதையே சொன்னாள். அவள் போன பிறகு அவன் என் வேலியோரம் காருக்குள் உட்கார்ந்தான், வண்டியை எடுக்கவில்லை. நான் ஜன்னலைத் தட்டிக் காப்பி குடிக்கிறாயா என்று கேட்டேன். கண்ணாடியை இறக்கி, வேண்டாமென்று கையை மட்டும் அசைத்தான்.

வெகுநேரம் கழித்து சோவாஸிக் தேடிக்கொண்டு இறங்கி வந்தாள். கதவைத் திறந்து அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கண்ணாடி இறக்கியிருந்ததால் எனக்குக் கேட்டது.

"தெரிஞ்சேதான் கொஞ்சம்னு சொன்னியா?"

"ம்."

"நாம உசிரோட இருக்கற வரைக்கும் தீராதாம்."

"தெரியும்."

ஒருவர் மேல் ஒருவர் கோபப்படக்கூட அவர்களிடம் மிச்சம் எதுவும் இல்லை போலிருந்தது. மழை தூற ஆரம்பித்தது. கூல்வென் கண்ணாடியை ஏற்றினான். மறுநாள் விடியற்காலை ஷிஃப்டுக்கு அவன் போயாக வேண்டும். வண்டி மேட்டில் ஏறி வளைவில் திரும்பியது.